நோய்க்குப் பிறகு ஒரு காதல் கதை: கொற்கை வழியா, மட்டக்களப்பு வழியா?

ஒரு கொள்ளைநோய் வந்து போயிருக்கும். அதுக்குப் பிறகான ஒரு எதிர்காலம். ஒரு பெரிய நகரம். அந்த நகரத்துல ஒரு பையன், ஒரு பொண்ணு. நடுவுல கொஞ்சம் மாயம், கொஞ்சம் பேய் பிசாசு. 2020-க்கு அப்புறம் இந்த மாதிரிக் கதைகள் இங்கிலீஷ்ல வண்டி வண்டியா வருது. தமிழ்லயும் எழுதிப் பார்க்கணும்னு சில பேருக்குக் கை அரிக்குது. நல்ல விஷயம்தான், எழுதுங்க. ஆனா "இது நம்ம ஊர் சரக்கு இல்லையே, ஹாலிவுட் வாடை அடிக்குமே"ன்னு தயங்கறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஏன்னா நம்மகிட்ட இருக்கற பழைய காவியங்கள்ல ஒண்ணு கிட்டத்தட்ட இதே வகைதான். சிலப்பதிகாரம். சும்மா அடிச்சு விடறான்னு நினைக்காதீங்க. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க :-)

முதல்ல இடம்

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி கடற்கரையைப் பார்த்துடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம். விழுப்புரம் மாவட்டம். சாலையோரமா கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் உப்பளம். பாத்தி பாத்தியா தண்ணி, வரப்பு மேல வெள்ளைக் குவியல், அதுக்கு மேல கீத்து மூடாக்கு. தூத்துக்குடி, வேதாரண்யம் பேரைச் சொன்ன கையோட தமிழ்நாட்டு உப்புக்கு அடுத்துச் சொல்ற பேர் மரக்காணம்தான். வருஷத் தொடக்கத்துல ஆரம்பிச்சு வடகிழக்குப் பருவமழை வர்ற வரைக்கும் உப்பு விளையும். மழை வந்தா வேலை இல்லை, கூலியும் இல்லை.

சங்க இலக்கியம் 'எயிற்பட்டினம்'னு சொல்ற துறைமுகம் இந்த மரக்காணம்தான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின பெரிப்ளூஸ், சோழமண்டலக் கரையில் மூணு துறைமுகங்களை வரிசையாச் சொல்லுது: கமரா, பொதுகா, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகா புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு, சோபட்மா நம்ம மரக்காணம் என்பது பரவலான கருத்து. 'சோ' என்றாலும் 'எயில்' என்றாலும் மதில்தான். சோபட்டினம், எயிற்பட்டினம், ரெண்டும் ஒரே பேருக்கு ரெண்டு வேஷம்.

ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடின சிறுபாணாற்றுப்படை இந்த ஊர் வழியாத்தான் போகுது. பாடினவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடையில ஒரு நீளமான மண்திட்டு இருக்கே, அதுக்கு இன்னிக்கும் இடைக்கழிநாடுன்னுதான் பேர். ஆக கவிஞர் பக்கத்து ஊர்க்காரர்! அலை அடிச்சுக் கரையில ஒதுக்கின அகில் கட்டைகள் ஒட்டகம் படுத்துத் தூங்கற மாதிரி கிடக்கும்னு அவர் வர்ணிக்கிறார். அந்த அகிலை விறகா எரிச்சு நுளைச்சி காய்ச்சின தேறல், சுட்ட குழல்மீன், இதெல்லாம் வழிப்போக்கனுக்குக் கிடைக்குமாம். ஒட்டகத்தை உவமையாச் சொல்றாருன்னா, அதைக் கேட்டதும் புரிஞ்சுக்கற கூட்டம் இருந்திருக்கணும் இல்லையா?

இந்தத் துறைமுக வரிசையில மரக்காணத்துக்குத் தெற்கே ரெண்டாவது ஊர் காவிரிப்பூம்பட்டினம். அதாவது புகார். கண்ணகி பிறந்த ஊர். நம்ம கதை அங்கேதான் ஆரம்பிக்குது.

மாயம் குடியிருந்த நகரம்

சிலப்பதிகாரத்தைப் பள்ளிக்கூடத்துல 'கற்புக் காவியம்'னு சொல்லிச் சொல்லி வேற எதையும் பார்க்க விடாம பண்ணிட்டாங்க. இந்திர விழவு ஊரெடுத்த காதையைக் கொஞ்சம் திறந்து பாருங்க. புகார் நகரத்துல அஞ்சு மன்றங்கள். ஒவ்வொண்ணும் ஒரு மாயக்கதைக்குத் தாங்கும்.

வெள்ளிடை மன்றம்: சந்தைச் சரக்கைத் திருடினவன் அந்த மூட்டையோட நகர முடியாம அங்கேயே சுத்திச் சுத்தி மாட்டிப்பான். இலஞ்சி மன்றம்: அங்கே இருக்கற குளத்துல முழுகினா கூனும் குட்டையும் தொழுநோயும் தீரும். நெடுங்கல் நின்ற மன்றம்: விஷம் தின்னவங்க, பித்துப் பிடிச்சவங்க அந்தக் கல்லைச் சுத்தி வந்தா குணமாகும். பூதசதுக்கம்: நாலு தெரு கூடற இடத்துல ஒரு பூதம் நிக்குது. பொய்ச்சாட்சி சொல்றவன், போலிச்சாமியார், அடுத்தவன் பெண்டாட்டியை நோக்கறவன், இவங்களைக் கயிறு வீசிப் பிடிச்சு அடிச்சுத் தின்னுடும். (இப்ப எல்லா ஊர்லயும் ஒண்ணு வெச்சா ட்ராபிக்கே இருக்காது.)

அஞ்சாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாவை மன்றம். ஒரு பெண் சிலை. அது வாய் திறந்து பேசாது. ஆனா அரசன் நீதி தவறினாலோ, தீர்ப்புச் சொல்ற சபை ஒரு பக்கமாச் சாஞ்சாலோ, நின்ன இடத்துல கண்ணீர் விடும். அவ்வளவுதான்.

இதை மனசுல வெச்சுக்கோங்க. கோவலனும் கண்ணகியும் இந்த நகரத்தை விட்டுட்டு மதுரைக்குப் போறாங்க. மதுரையில அப்படி ஒரு சிலை இருந்ததாக் கதை சொல்லலை. பொற்கொல்லன் ராணியோட சிலம்பைத் திருடிட்டு, விற்க வந்த கோவலன் மேல பழியைப் போடறான். பாண்டியன் விசாரிக்காமக் கொல்லச் சொல்றான். கண்ணகி வந்து வழக்குரைக்கிறாள். அப்புறம் தீ. நகரத்தைக் காத்த பூதங்கள் வெளியேறுது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு நேரா வந்து நிக்கப் பயந்து, பின்பக்கமா வந்து பேசுது. பதினாலாம் நாள், மலை மேல வேங்கை மரத்தடியில, செத்துப்போன கோவலன் வானவர்களோட வந்து அவளைக் கூட்டிட்டுப் போறான். காதல், நகரம், மாயம் எல்லாம் வந்தாச்சா?

"நோய் எங்கேப்பா?"ன்னு கேப்பீங்க. வர்றேன்.

முன்னாடியே எழுதி வெச்ச பின்கதை

சிலப்பதிகாரத்துல பதிகத்துக்கும் மங்கல வாழ்த்துக்கும் நடுவுல 'உரைபெறு கட்டுரை'ன்னு ஒரு சின்ன உரைநடைத் துண்டு இருக்கு. இது பின்னாடி யாரோ சேர்த்ததுன்னு சொல்ற அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். சேர்த்தவர் எங்கே சேர்த்தார் பாருங்க: கதைக்கு முன்னாடி!

அது சொல்ற சேதி இதுதான். கண்ணகிக்கு அநியாயம் நடந்த நாள்லேர்ந்து பாண்டிய நாட்டுல மழை இல்லை. வறுமை. வெப்பு நோயும் குருவும் தொடர்ந்துச்சு. வெப்பு நோய்னா காய்ச்சல் வகை. குருன்னா கொப்புளம். நம்ம வேர்க்குருவுல இன்னும் ஒட்டிட்டிருக்கே, அதே குரு. காய்ச்சலும் கொப்புளமுமா சேர்ந்து ஒரு நாட்டையே பிடிச்சா அதுக்கு நாம வெச்ச பேர் அம்மை. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது 1980-லதான். அதுக்கு முந்தின தலைமுறைகளுக்கு இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே வயிறு கலங்கியிருக்கும்.

ஆக, புத்தகத்தைப் பிரிச்ச உடனே நமக்குத் தெரியவர்றது என்ன? பஞ்சமும் நோயும் வந்து போயாச்சு. நாடு பிழைச்சு எழுந்தாச்சு. இப்ப நீங்க படிக்கப் போறது, 'அது ஏன் வந்தது'ங்கிற கதை. கல்யாணப் பாட்டு பாடற முதல் பக்கத்துக்கு முன்னாடியே நாம கொள்ளைநோய்க்குப் பின்னாடி நிக்கிறோம். கோவலன் கண்ணகிக்கு அது எதிர்காலம். படிக்கிற நமக்குக் கடந்த காலம்.

இப்படி யோசிச்சா ஒரு கேள்வி வருது. நோயில அத்தனை பேர் செத்த பிறகு எதுக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி கதை? 1348-ல கறுப்புச் சாவு பிளாரன்சைத் தாக்கின பிறகு பொக்காச்சியோ எழுதின டெக்கமரானும் அப்படித்தான். ஏழு பெண்கள், மூணு ஆண்கள், நகரத்தை விட்டுத் தப்பிப் போய் பத்து நாள்ல நூறு கதை சொல்றாங்க. பெரும்பாலும் காதல், கள்ளக்காதல், ஏமாத்து வேலை. எண்ணிக்கையாப் போன சாவுகளை மனசு தாங்காது. ஒருத்தன், ஒருத்தின்னு ஆனாத்தான் அழ முடியும். அழுது முடிச்சாத்தான் அடுத்த வேலைக்குப் போக முடியும்.

ஆனா அழுகையோட நிக்கறதில்லை. அடுத்த கேள்வி ஒண்ணு வருது: யார் காரணம்? அங்கேதான் கதை ரெண்டு வழியாப் பிரியுது.

கொற்கை வழி

முதல் வழி உரைபெறு கட்டுரையிலயே இருக்கு. கொற்கையில இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்னு பலி கொடுத்து விழா எடுத்தான். மழை பெஞ்சது. நோய் போச்சு. கதைக்குள்ள நீர்ப்படைக் காதையிலயும் இதே சேதி, ஒரே பகல்ல ஆயிரம் பேர்னு வருது.

இதை முதல் தடவை கவனிச்சுப் படிச்சப்ப கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். கொற்கைன்னா எனக்கு அதுவரைக்கும் வேற படம். மேல சொன்ன சிறுபாணாற்றுப்படையில கொற்கையும் வருது. உமணர்களோட, அதாவது உப்பு வணிகர்களோட வண்டியில வந்த குரங்கு ஒண்ணு, உமட்டிகளோட குழந்தைகளோட சேர்ந்து, கிளிஞ்சலுக்குள்ள முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும். அவ்வளவு செல்லமான ஒரு காட்சி. அதே ஊர்லேர்ந்து வந்த அரசன்தான் ஆயிரம் கழுத்தை வெட்டினான்னு இன்னொரு நூல் சொல்லுது. இது உண்மையில நடந்ததா, கதையா என்பது வேற விவாதம். அப்படி நடந்தா நோய் போகும்னு சொல்லத் தோணியிருக்கே, அதுதான் இங்கே விஷயம்.

தப்பு செஞ்சது யாரு? ஒரு பொற்கொல்லன். சரி. அதைவிடப் பெரிய தப்பு விசாரிக்காத அரசன். கதையும் அதை ஒளிக்கலை. பாண்டியன் தானே கள்வன்னு ஒத்துக்கிட்டு அங்கேயே உயிரை விடறான். அரசியும் சாகறாள். அதோட கணக்கு முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. நோய் வந்ததும் பழைய கணக்கு திரும்ப எடுக்கப்படுது. இந்தத் தடவை கூட்டிக் கழிச்சா அரசன் பேர் காணோம். அந்த ஒத்தைப் பொற்கொல்லன் ஆயிரமாப் பெருகியிருக்கான். ஒரு ஆள் செஞ்ச குத்தம் ஒரு தொழிலோட குத்தமா ஆகிடுச்சு.

நம்ம மென்பொருள் ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது விழுந்துட்டா மறுநாள் 'மூலகாரணம்' எழுதச் சொல்வாங்க. அந்தக் காகிதத்துல முதல்ல வடிவமைப்புக் கோளாறுன்னு இருக்கும். மேல போகப் போக அது ஒரு டீமோட பேரா மாறிடும். அந்த ஸ்டைல் ரெண்டாயிரம் வருஷப் பழசு மக்களே.

இது நம்ம நோய் மட்டும் இல்லை. கி.பி. 165 வாக்கில ரோம சாம்ராஜ்யத்துல ஒரு பெரிய கொள்ளைநோய் பரவுச்சு. பெரியம்மையா இருக்கலாம்னு சொல்றாங்க. கிழக்கே போருக்குப் போய்த் திரும்பின படை கொண்டுவந்தது. ஜனங்க சொன்ன கதை வேற: செலூக்கியாவுல அப்பல்லோ கோயிலைக் கொள்ளையடிச்சப்ப ஒரு சிப்பாய் ஒரு பெட்டியைத் திறந்துட்டான், அதுலேர்ந்து கிளம்பினதுதான் நோய். 1349 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு சொல்லி நூற்றுக்கணக்கான யூதர்களை எரிச்சாங்க. கறுப்புச் சாவு அந்த ஊருக்குள்ள அப்ப வந்து சேரவே இல்லை! எரிச்ச பிறகு, யூதர்கள்கிட்ட வாங்கின கடன் எல்லாம் ரத்து. பலி கொடுக்கறதுல யாருக்கு லாபம்னு இதைவிடத் தெளிவாச் சொல்ல முடியாது.

2020

"அதெல்லாம் அந்தக் காலம்"னு சொல்றவங்க மரக்காணம் இருக்கற விழுப்புரம் மாவட்டத்துல 2020 மே மாசம் என்ன நடந்ததுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. சென்னை கோயம்பேடு சந்தையில கொரோனா பரவி, மே 5-ஆம் தேதி சந்தையை மூடினாங்க. அதுக்கு முன்னாடியே மூட்டை தூக்கறவங்க, காய்கறி ஏத்தி இறக்கறவங்க கிடைச்ச லாரியில ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கம் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க. இந்த மாவட்டங்கள்ல எண்ணிக்கை சட்டுனு எகிறுச்சு. 'கோயம்பேட்டுலேர்ந்து வந்தவங்க'ங்கிற வார்த்தையே ஜனங்களைப் பயமுறுத்தற வார்த்தை ஆச்சு.

நாடு முழுக்கப் பூட்டினப்ப ஒரு ராட்சசச் சந்தையை மட்டும் அத்தனை கூட்டத்தோட ஓட விட்டது மூட்டை தூக்கறவரோட முடிவு இல்லை. அவருக்குச் சென்னையில தங்க இடம் இல்லை, சந்தை மூடினா சோறும் இல்லை. ஊருக்குத்தான் வருவார். ஆனா பேர் யாரோட பேர் அடிபட்டுச்சு? அதுக்கு முந்தின மாசம் டெல்லியில ஒரு மத மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தவங்க பேர். இந்த மாசம் இவங்க பேர். ஆயிரம் பொற்கொல்லர்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். 2020 ஏப்ரல் 19 ராத்திரி சென்னையில, கொரோனாவுல இறந்துபோன ஒரு மருத்துவரோட உடலை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் கல்லால, கட்டையால அடிச்சு விரட்டுச்சு. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்குச்சு, ஊழியர்களுக்குக் காயம். வேற கல்லறைக்குக் கொண்டுபோய், கூட இருந்த மருத்துவ நண்பரே மண்ணைத் தள்ளி மூடினார். அப்புறம் இறந்தவரோட மனைவி, அவர் ஆசைப்பட்ட கல்லறையிலேயே திரும்ப அடக்கம் பண்ணணும்னு கேட்டு நீதிமன்றம் வரைக்கும் போனாங்க.

செத்த புருஷனுக்காகத் தனியாப் போய் நியாயம் கேட்ட பெண். வழக்குரை காதைன்னு அதைத்தானே படிச்சோம்? கொள்ளைநோய்க் காலக் காதல் கதையை எதிர்காலத்துல போய்த் தேடற நாம, கண் முன்னாடி நடந்த ஒண்ணைப் பேப்பர்ல மூணாம் பக்கச் செய்தியாப் படிச்சுட்டுப் புரட்டிட்டோம்.

மட்டக்களப்பு வழி

இப்ப ரெண்டாவது வழி. அதுக்கும் விதை உரைபெறு கட்டுரையிலதான் இருக்கு. செழியனோட நிக்காம அது இன்னும் மூணு பேரைச் சொல்லுது. கொங்கிளங்கோசர் விழா எடுத்தாங்க. சோழன் பெருங்கிள்ளி உறையூர்ல கோயில் எடுத்தான். இலங்கை அரசன் கயவாகு ஆடி மாசத்துல விழா எடுத்தான். இந்த மூணு பேர்ல யாரும் யாரையும் கொன்னதாச் சொல்லலை. ஆனாலும் மழை பெஞ்சது! ஒரே பக்கத்துல ரெண்டு விதமான வைத்தியமும் இருக்கு. நம்ம கண்ணுக்கு ரத்தம்தான் முதல்ல படுது.

இந்தக் கயவாகு யாரு, இலங்கை வரலாற்றுல வர்ற முதலாம் கஜபாகுவா என்பதை வெச்சுச் சங்க காலத்துக்கே தேதி குறிச்ச ஆராய்ச்சி ஒண்ணு உண்டு. 1904-ல வந்த வி. கனகசபையோட புத்தகம் தொடங்கி இன்னிக்கு வரைக்கும் அந்தச் சண்டை ஓயலை. அது தனிப் பதிவு. நமக்கு வேண்டியது, அந்தத் தீவுல கண்ணகி என்ன ஆனாள் என்பது.

தமிழ்நாட்டுல கண்ணகி மெரினாவுல சிலையாவும் மேடைப் பேச்சாவும் ஆகிட்டா. இலங்கையில தமிழர்களுக்குக் கண்ணகி அம்மன், சிங்களவர்களுக்குப் பத்தினி தெய்யோ. ரெண்டு பேருக்கும் அவள் மழைக்கும் அம்மை நோய்க்குமான தெய்வம். கிழக்குக் கரையில தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம்னு வரிசையாக் கண்ணகி கோயில்கள். வைகாசி மாசம் சடங்கு. கண்ணகி வழக்குரையைப் பாடுவாங்க. முழுக் கதையும் வரும். கோவலன் கொலை, தீ, எல்லாம். கடைசியில 'குளிர்த்தி'. தண்ணி தெளிச்சு, பாட்டுப் பாடி, கோபத்துல கொதிக்கிற அம்மனைக் குளிர வைப்பாங்க. அவ குளிர்ந்தா ஊர் குளிரும், உடம்பு குளிரும், கொப்புளம் அடங்கும்.

இதைவிட அழகு கொம்புமுறி. ஊர் ரெண்டு கட்சியாப் பிரியும். ஒண்ணு கண்ணகி கட்சி, ஒண்ணு கோவலன் கட்சி. வளைஞ்ச ரெண்டு கொம்புகளை ஒண்ணோட ஒண்ணு மாட்டி, கயித்துல கட்டி இழுப்பாங்க. எது முறியுதோ அந்தக் கட்சி தோத்துச்சு. ஜெயிச்சவங்க தோத்தவங்களைக் கன்னாபின்னான்னு வசைபாடுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. சிங்களத்துல இதுக்கு அங்கெலிய. ஏன் இப்படி ஒரு ஆட்டம்னு கேட்டா அவங்க சொல்ற கதை: ஒரு காலத்துல அவளும் அவனும் கொக்கிக் கம்பால செண்பகப்பூ பறிச்சப்ப ரெண்டு கொக்கியும் சிக்கிக்கிச்சு. அவ ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க...

யோசிச்சுப் பாருங்க. நோய் போகணும், மழை வரணும்னு ஒரு ஊரே கூடி என்ன பண்ணுது? அந்த ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்த ஒரு நிமிஷத்தைத் திரும்ப நடத்திக் காட்டுது. கொலைக்களத்துக்கும் சிலம்புக்கும் அந்த ஆட்டத்துல இடம் இல்லை. பூப்பறிச்ச நிமிஷம் மட்டும். 'யார் காரணம்'னு கேட்ட கேள்விக்குக் கொற்கை ஆயிரம் தலையைக் காட்டுச்சு. மட்டக்களப்பு ஒரு காதல் விளையாட்டைக் காட்டுது.

முல்லைத்தீவு பக்கம் வற்றாப்பளையில நந்திக்கடல் ஓரமா ஒரு கண்ணகி அம்மன் கோயில். கிழவி வேஷத்துல வந்த கண்ணகி, மாடு மேய்க்கிற பசங்ககிட்ட விளக்கேத்தச் சொன்னாளாம். எண்ணெய் இல்லையேன்னாங்க. கடல் தண்ணியில ஏத்துன்னா. எரிஞ்சது. இன்னிக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னாடி கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரிக்கிற வழக்கம் இருக்கு. 2009-ல போரோட கடைசி நாட்களைப் பார்த்த அதே நந்திக்கடல்.

அதுக்காக அந்தத் தீவு முழுக்கக் குளிர்ந்து கிடக்குன்னு நான் சொல்ல வரலை. 2020-ல கொரோனாவுல இறந்த எல்லா உடலையும் எரிச்சே ஆகணும்னு இலங்கை அரசு உத்தரவு போட்டுச்சு. புதைக்கறதை மார்க்கக் கடமையா நினைக்கற முஸ்லிம்கள் எவ்வளவோ கெஞ்சியும், 2021 பிப்ரவரி வரைக்கும் மாத்தலை. அப்புறம் புதைக்க அனுமதிச்ச இடம் எது தெரியுமா? மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. குளிர்த்தி பாடற அதே மாவட்டம். 2024-ல அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சு. ஆக ரெண்டு வழியும் ஒரே மண்ணுல, ஒரே மனுஷங்களுக்குள்ளதான் இருக்கு. ஒவ்வொரு நோய்க்கும் பிறகு திரும்பவும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கு.

கடைசியா, உப்பு

2021 மே மாசம் கோயம்புத்தூர் பக்கத்துல ஒரு ஆதீனத்துல 'கொரோனா தேவி'ன்னு சிலை வெச்சாங்க. இணையத்துல எல்லாரும் சிரிச்சோம். கோவையிலயே பிளேக் மாரியம்மன் கோயில் ஒண்ணு இருக்கறது அப்புறம்தான் பல பேருக்குத் தெரிஞ்சது. தடுப்பூசிதான் நோயைத் தடுக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நோய் போன பிறகு மிச்சம் இருக்கற கோபத்துக்கும் பயத்துக்கும் ஊசி கிடையாது. அதை என்ன பண்றதுன்னு ஊருக்கு ஒரு வழி வேணும்.

மாரியம்மன் கோயில்கள்ல உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டறதைப் பார்த்திருப்பீங்க. புகாருக்குப் பக்கத்துல இருக்கற வைத்தீஸ்வரன் கோயில்லயும் உண்டு. மரு, கொப்புளம், கட்டி வந்தவங்க வேண்டிக்கிட்டுச் செய்யறது. உப்பு கரையற மாதிரி நோயும் கரையணும். எவ்வளவு எளிமையான கணக்கு! அதுல எதிரி யாரும் இல்லை, கைப்பிடி உப்பு மட்டும்தான். அந்த உப்பு மரக்காணத்து உப்பாக்கூட இருக்கலாம். சித்திரை வெயில்ல பாத்தியில நின்னு, உப்புத்தண்ணியில காலெல்லாம் வெடிச்சுப் போய் யாரோ ஒரு அம்மா வாரினது. நோய்க்காலத்துல 'ஒட்டாதே, தள்ளி நில்லு'ன்னு முதல்ல சொல்லப்படறதும் அந்த மாதிரி அம்மாவைத்தான், சந்தையில மூட்டை தூக்கற அவங்க பையனைத்தான்.

அதனால, எதிர்காலக் கதை எழுதப் போற மக்களே, ஒரு வேண்டுகோள். இடம் வேணும்னா எயிற்பட்டினத்தை எடுத்துக்கோங்க. கதை ஏதும் இல்லாம ரெண்டாயிரம் வருஷமாக் காத்துக்கிட்டிருக்கற துறைமுகம் அது. பூதத்தை வைங்க, அழற சிலையை வைங்க, காதலை வைங்க. எல்லாத்துக்கும் முன்னுதாரணம் இருக்கு. ஆனா நோய்க்குக் காரணம்னு முடிவுல யாரைக் காட்டப் போறீங்கன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த இடத்துல ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தறது ரொம்ப ஈஸி. படிக்கறவனும் கை தட்டுவான், மழையும் பெய்யும்.

பொற்கொல்லர்களை நிறுத்தாமலே மழை பெய்யற மாதிரி எழுதிக் காட்டுங்க பார்க்கலாம். கயவாகுவுக்குப் பெஞ்சிருக்கு.

உங்க ஊர்ப் பக்கம் அம்மைக்கோ காலராவுக்கோ பிளேக்குக்கோ பிறகு வந்த கதை, பாட்டு, விளையாட்டு ஏதாவது வழக்கத்துல இருந்தா அவசியம் சொல்லுங்க. அடுத்த பதிவுக்கு ஆகும். ஆடிக்கூழ் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு :-)